ஏரி நாலு, மழை ஒன்று: பெருக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால், இரண்டு முறையும் தலை விழ வாய்ப்பு எவ்வளவு?

எந்தப் பிளஸ் ஒன் மாணவரை எழுப்பிக் கேட்டாலும் தூக்கத்திலேயே பதில் வரும். அரையை அரையால் பெருக்கினால் கால். "சார்பிலா நிகழ்ச்சிகள்" என்ற வார்த்தையைப் பார்த்தவுடன் கை தானாகப் பெருக்கல் குறி போட்டுவிடும். விடையும் சரி, மார்க்கும் நிச்சயம். அடுத்த கணக்கு!

இந்தச் சுலபமான மார்க்தான் பிரச்சினையே.

கேள்வித்தாளை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். "A, B ஆகியவை சார்பிலா நிகழ்ச்சிகள் எனில்..." என்றுதான் கணக்கு ஆரம்பிக்கும். மொத்தக் கணக்கிலும் மூளைக்கு வேலை வைக்கும் இடம் ஒன்றே ஒன்று: இந்த இரண்டும் உண்மையிலேயே ஒன்றை ஒன்று சாராதவைதானா என்று கண்டுபிடிப்பது. அந்த வேலையைக் கேள்வி தயாரித்தவரே "எனில்" போட்டு முடித்துக் கொடுத்துவிடுகிறார். மாணவருக்கு மிச்சம் வைப்பது நாலாம் வகுப்புப் பெருக்கல். பள்ளியை விட்டு வெளியே வந்தால் அந்த "எனில்" என்ற வார்த்தையை யாரும் எழுதித் தருவதில்லை. ஆனால் பெருக்கும் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிடுகிறது.

அந்தப் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று தெரிய அமெரிக்கா வரை போக வேண்டாம். திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது.

முதலில், சார்பின்மை என்றால் என்ன?

சூத்திரத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடலாம். முதல் சுண்டலில் தலை விழுந்தது என்று உங்களிடம் ஒருவர் வந்து சொல்கிறார். இரண்டாவது சுண்டலைப் பற்றிய உங்கள் கணிப்பு மாறுமா? மாறாது. அப்போதும் அரைதான். ஒன்றைப் பற்றிய செய்தி தெரிந்தாலும் இன்னொன்றின் வாய்ப்பு ஒரு துளிகூட நகரவில்லை என்றால், அவை சார்பிலா நிகழ்ச்சிகள். அவ்வளவுதான். பெருக்கல் விதி இதிலிருந்து பிறந்த குழந்தை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாயை விட்டுவிட்டதுதான் பள்ளிக்கூடக் கணக்கு செய்த கூத்து.

தாயை விட்டதால் வந்த குழப்பம் ஒன்றைச் சொன்னால் சிரிப்பு வரும். "ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்" என்று இன்னொரு வகை உண்டு. ஒரே சுண்டலில் தலையும் பூவும் சேர்ந்து விழ முடியாது. ஒரே லோக்கல் ரயில் ஒரே நேரத்தில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனின் இரண்டு பிளாட்ஃபாரத்திலும் நிற்க முடியாது. "ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை, அதனால் இவை சார்பிலாதவை" என்று எழுதி மார்க்கைக் கோட்டை விடுபவர்கள் வகுப்புக்கு வகுப்பு உண்டு. உண்மை நேர் எதிர். ரயில் முதல் பிளாட்ஃபாரத்தில் நிற்கிறது என்று தெரிந்த அந்தக் கணமே, இரண்டாவதில் நிற்கும் வாய்ப்பு பூஜ்யம் ஆகிவிடுகிறது. ஒரு செய்தி இன்னொன்றின் வாய்ப்பை அடியோடு அழிக்கிறது! இதைவிட நெருங்கிய சம்பந்தம் வேறு என்ன வேண்டும்? விலக்குவது வேறு, சாராமல் இருப்பது வேறு.

நான்கு ஏரிகளின் கணக்கு

இனி தண்ணீருக்கு வரலாம். சென்னையின் குடிநீர் ஏரிகள் என்று காலங்காலமாகச் சொல்லப்படுபவை நான்கு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம். முதல் மூன்றும் திருவள்ளூர் பக்கம். செம்பரம்பாக்கம் பூந்தமல்லியைத் தாண்டியவுடன் வந்துவிடும். கொள்ளளவு முறையே 3,231, 1,081, 3,300, 3,645 மில்லியன் கன அடி. மொத்தம் 11,257. இவற்றில் பூண்டி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944ல் கட்டி முடிக்கப்பட்டு சத்தியமூர்த்தி பெயர் சூட்டப்பட்ட நீர்த்தேக்கம்.

இப்போது பிளஸ் ஒன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். புரிவதற்காக ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாம், இது அளந்த எண் அல்ல. ஒரு ஏரி ஏதோ ஒரு கோடையில் வறண்டுபோக வாய்ப்பு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே கோடையில் வறள என்ன வாய்ப்பு? பெருக்கு! பத்தில் ஒன்றை நான்கு முறை பெருக்கினால் 10,000ல் ஒன்று. அதாவது பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு தடவை. சேர சோழ பாண்டியர் காலத்திலிருந்து இன்று வரை கூட்டினாலும் பத்தாயிரம் வராது. நிம்மதியாகத் தூங்கலாம்!

நடந்தது என்ன? 2003-04ல் ஏரிகள் கைவிரித்தன. நகரத்தில் குழாய்த் தண்ணீர் நின்றுபோய் லாரிதான் கதி என்று ஆனது. அப்புறம் 2019 ஜூன். நான்கு ஏரிகளிலும் சேர்த்து மொத்தக் கொள்ளளவில் 1 சதவீதம்கூட இல்லை. செம்பரம்பாக்கத்தின் தரை வெடித்துக் கிடந்த படம் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. பத்தாயிரம் வருஷத்துக்கு ஒருமுறை வர வேண்டியது பதினாறு வருஷத்துக்குள் இரண்டு முறை வந்து நின்றது.

விதி விளையாடிவிட்டதா? இல்லை. பெருக்கியது தப்பு.

நான்கு ஏரிக்கும் மேலே இருப்பது ஒரே வானம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான் நான்கையும் நிரப்ப வேண்டும். 2018ல் அது சென்னை வட்டாரத்தில் பாதிக்கும் கீழே பெய்தது. பூண்டியை ஏமாற்றிய மேகம் புழலுக்கு மட்டும் தனியாக வந்து பெய்யுமா? போதாக்குறைக்கு இந்த ஏரிகள் கால்வாயாலும் இணைக்கப்பட்டவை. பூண்டியிலிருந்துதான் சோழவரத்துக்கும் புழலுக்கும் தண்ணீர் போகிறது, செம்பரம்பாக்கத்துக்கும் இணைப்புக் கால்வாய் உண்டு. பூண்டி காய்ந்தால் மற்ற மூன்றுக்கும் அந்த வழியும் அடைபடும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, "புழல் வறள வாய்ப்பு எவ்வளவு" என்பது அல்ல. "பூண்டி வறண்டுவிட்டது என்று தெரிந்த பிறகு, புழல் வறள வாய்ப்பு எவ்வளவு" என்பது. அது பத்தில் ஒன்றாகவா இருக்கும்? பத்தில் ஒன்பது என்றே வையுங்கள். அதே போல மற்ற இரண்டுக்கும். இப்போது பெருக்கினால் 0.1 × 0.9 × 0.9 × 0.9 = 0.0729. அதாவது சுமார் 14 வருஷத்துக்கு ஒருமுறை!

பத்தாயிரம் எங்கே, பதினான்கு எங்கே? இரண்டு கணக்கிலும் ஏரி அதே ஏரி, தொடக்க எண்ணும் அதே பத்தில் ஒன்று. மாறியது ஒரே ஒரு வார்த்தை, "சார்பிலா". அந்த ஒரு வார்த்தையைச் சும்மா போட்டதற்குக் கிடைத்த பொய்யான தைரியம் எழுநூறு மடங்கு.

ஐந்தாவது ஏரி வந்தாச்சே?

வந்தது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. பக்கத்திலேயே தேர்வாய்கண்டிகை சிப்காட். நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. 2015 மாதிரி கொட்டித் தீர்க்கும் வருஷத்தில் கடலுக்கு ஓடும் தண்ணீரில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்தால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். கொள்ளளவு கூடுவது கூடுவதுதான்.

ஆனால் "நான்கு இருந்தது, இப்போது ஐந்து, ஆகவே பாதுகாப்பு கூடிவிட்டது" என்று விரல் விட்டு எண்ணுகிறார்களே, அங்கேதான் தகராறு. ஐந்தாவதும் அதே வானத்தின் கீழ்தான் இருக்கிறது. ஒரே கிளையில் நாலு ஊஞ்சல் கட்டியிருந்த இடத்தில் ஐந்தாவது ஊஞ்சலும் கட்டியாயிற்று. ஊஞ்சல் எத்தனை என்பதா முக்கியம்? கிளை முறிந்தால்?

கிளையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே 2018-19தான் சாட்சி. 2018 ஜூலையில் மேட்டூர் அணை நிரம்பி வழிந்தது. கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கிய வருஷம் அது. ஆகஸ்ட்டில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தில் முக்கொம்பு மேலணையின் மதகுகளே உடைந்தன. அதே வருஷக் கடைசியில்தான் சென்னையில் வடகிழக்கு மழை பொய்த்தது! இரண்டு மழைக்கும் காலம் வேறு, திசை வேறு. ஒன்று நன்றாக இருந்ததால் இன்னொன்றும் நன்றாக இருக்கும் என்றோ, கெட்டிருக்கும் என்றோ எளிதாகச் சொல்லிவிட முடியாது. சார்பின்மைக்குக் கிட்டத்தட்ட நெருங்கிய ஜோடி இது.

அதனால்தான் 2019 கோடையில் நகரத்தைத் தாங்கியவற்றில் முக்கியமானவை காவிரித் தண்ணீர் வரும் வீராணமும், மழையையே நம்பாத கடல்நீர் ஆலைகளும். கடல்நீர் ஆலைகளில் ஒன்று 2010ல் திறக்கப்பட்ட மீஞ்சூர் காட்டுப்பள்ளி ஆலை, அதுவும் திருவள்ளூர் மாவட்டம்தான். 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு வில்லிவாக்கம் வந்து சேர்ந்த ரயில் கொண்டுவந்ததும் காவிரித் தண்ணீர். 1983 ஒப்பந்தப்படி 1996 முதல் ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீரும், யோசனையில், வேறு வானத்து மழைதான். ஆனால் அது பல மாவட்டங்களைக் கடந்து, வழியில் உள்ள அணைகளில் எல்லாம் மிச்சம் இருந்தால்தான் வரும். வறண்ட வருஷத்தில் வழியில் இருப்பவர்களுக்கும் தாகம் எடுக்கும் அல்லவா?

கடல்நீர் ஆலையும் முழுக்கச் சுதந்திரமானது இல்லை. மழை வேண்டாம், சரி. கரண்ட் வேண்டுமே? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மூன்று மாவட்டத்திலும் மின்கம்பங்களைச் சாய்த்துப் போட்டதை மறக்க முடியுமா? வறட்சி என்ற எதிரிக்கு முன்னால் அந்த ஆலை தனி ஆள். புயல் என்ற எதிரிக்கு முன்னால் அதுவும் கூட்டத்தோடு கோவிந்தா. "எதைச் சாராதது?" என்று கேட்காமல் வெறுமனே "சார்பிலாதது" என்று சொன்னால் அர்த்தமே இல்லை.

இந்தத் தப்புக் கணக்குக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஏரி வறண்டதும் லாரிகள் எங்கே போகும்? தாமரைப்பாக்கம், பூண்டி, மீஞ்சூர், பஞ்செட்டி என்று ஆரணியாறு - கொசஸ்தலைப் படுகையின் கிணறுகளுக்கு. அந்தக் கிணறுகளுக்கு ஊற்று எது? பெய்யாமல் போன அதே மழைதான்! நகரத்தின் கணக்கில் "மாற்று ஏற்பாடு" என்று ஒரு வரியாக வருவது, கிராமத்தில் ஒருவருடைய நெல் வயல். மீஞ்சூர் பக்கம் அளவுக்கு மீறி உறிஞ்சியதில் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. சென்னை போட்ட பெருக்கலுக்குத் திருவள்ளூர் வட்டி கட்டுகிறது.

தலைகீழ்த் தப்பு

சார்பு இருக்கும் இடத்தில் இல்லை என்பது ஒரு தப்பு. இல்லாத இடத்தில் இருக்கிறது என்பது அதன் தம்பி.

"மூணும் பொண்ணாப் பொறந்துடுச்சு, நாலாவது கண்டிப்பா பையன்தான்" என்று சொல்லும் பெரியவர்கள் எந்த ஊரில் இல்லை? முதல் மூன்று குழந்தைகள் என்ன என்று கருவுக்கு எப்படித் தெரியும்? அது கணக்கு நோட்டு வைத்துக்கொண்டா வருகிறது? அந்தப் பேச்சை நம்பி உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் எத்தனை பேர்! தமிழ்நாட்டில் லாட்டரி 2003ல் தடை செய்யப்படும் வரை, "ரொம்ப நாளா விழாத நம்பர், இன்னிக்கு விழுந்தே தீரும்" என்று சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டியவர்களும் இதே தம்பிக்குப் பலியானவர்கள்தான்.

படித்தவர்கள் இதிலிருந்து தப்பித்துவிட்டார்களா? 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. அடையாறு ஊருக்குள் வந்தது. "நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்டவர் மனசில் பதிந்தது என்ன? "வந்துட்டுப் போயிடுச்சு, இனி 99 வருஷத்துக்குக் கவலையில்லை." ஏரி ஓர மனைகள் மறுபடி விலை ஏறின.

"நூறு வருஷ வெள்ளம்" என்றால் ஒவ்வொரு வருஷமும் நூறில் ஒரு வாய்ப்பு என்றுதான் பொருள். போன வருஷம் வந்ததா இல்லையா என்று அடுத்த வருஷத்து மேகம் விசாரிக்காது. 20 வருஷ வீட்டுக் கடன் போட்டு அப்படி ஒரு மனையில் வீடு வாங்குகிறார் ஒருவர். கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது அந்த வெள்ளம் வர வாய்ப்பு எவ்வளவு? இங்கே பெருக்கலாம், தப்பில்லை. வராமல் இருக்க வாய்ப்பு 0.99ஐ 20 முறை பெருக்கினால் 0.82. ஆக வருவதற்கு 18 சதவீதம். ஏறக்குறைய ஆறில் ஒன்று. பகடையில் குறிப்பிட்ட ஒரு எண் விழுவது போல! அதுவும் நூறில் ஒன்று என்ற எண் மாறாமல் இருந்தால். வெப்பம் ஏறிவரும் வங்கக் கடல் அந்த எண்ணை அப்படியே விட்டுவைக்கும் என்று யார் உத்தரவாதம் தந்தது? 2015க்கு எட்டே வருஷத்தில், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் வந்து மறுபடி ஊரை மூழ்கடித்தது.

மிக்ஜாம் நடத்திய பாடம்

மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் அதே இடம். மீனவர் படகும் வலையும் கருத்துப்போயின. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறி இருட்டில் தெருவுக்கு ஓடி வந்தார்கள், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஒரு வெள்ளம், ஒரு எண்ணெய்க் கசிவு, ஒரு வாயுக் கசிவு. ஒரே வட்டாரத்தில், ஒரே மாதத்தில். தனித்தனியாக ஒவ்வொன்றும் அபூர்வம். மூன்றும் சேர்ந்து வருவதற்குப் பெருக்கிப் பார்த்தால் லட்சத்தில் ஒன்று, கோடியில் ஒன்று என்று ஏதோ வரும். "யாரால் எதிர்பார்க்க முடியும்? துரதிர்ஷ்டம்" என்று கையைக் கழுவிவிடலாம். ஆனால் அமோனியா கசிவை ஆராய அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு என்ன சொன்னது? மிக்ஜாம் புயலின்போது குழாயைச் சுற்றியிருந்த பாறாங்கற்கள் நகர்ந்து குழாய் சேதமடைந்திருக்கலாம் என்றது. அப்படியானால் மூன்று துரதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது? ஒரே புயல்தானே!

இதை அப்படியே வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். ரசாயனமோ, உருக்கு உலையோ, எதுவாக இருந்தாலும் ஆபத்துக்கு அடுக்கடுக்காகத் தடுப்பு இருக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் போனால் பேட்டரி. அதற்கும் மேல் பம்ப், சைரன், தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ். ஒவ்வொன்றும் பழுதாக நூறில் ஒரு வாய்ப்பு, நான்கும் சேர்ந்து பழுதாகப் பத்துக் கோடியில் ஒன்று என்று காகிதத்தில் எழுதிவிடலாம். இடுப்பளவு தண்ணீர் வந்த இரவை நினையுங்கள். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் தரைமட்டத்தில், தண்ணீருக்குள். செல்போன் டவர் அணைந்துவிட்டது. தீயணைப்பு வண்டி ரோட்டில் வர வழியில்லை. அடுத்த ஷிப்ட் ஆட்கள் வர வேண்டிய பஸ் வரவில்லை. நான்கு தடுப்பு என்று எண்ணியது உண்மையில் ஒரே தடுப்பு. தண்ணீர் வராத வரை மட்டும் நிற்கும் தடுப்பு.

தொழிற்சாலை வாசல்களில் "விபத்தில்லா நாட்கள்" என்று எண் எழுதிய பலகை தொங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். எண் பெரிதாகப் பெரிதாக மனசுக்கு இதம்தான். ஆனால் நேற்றுவரை நடக்காததால் இன்று நடக்காது என்று அந்தப் பலகை சொல்லவில்லை. மெஷின் தேய்கிறது, ஆட்கள் ஓவர்டைம் பார்த்துக் களைக்கிறார்கள், பராமரிப்பு தள்ளிப்போகிறது என்றால், எண் ஏற ஏற ஆபத்தும் ஏறலாம். நாட்களும் ஒன்றை ஒன்று சாராதவை என்று சும்மா எடுத்துக்கொள்ள முடியாது.

இந்தியாவுக்கு இது புதுப் பாடமா? 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது அந்த ஆலையிலும் அடுக்கடுக்காகத் தடுப்பு இருந்தது. வாயுவைக் குளிர வைக்கும் சாதனம் பல மாதம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்துக்குப் போகும் குழாய் பழுது பார்க்கக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவ வேண்டிய கருவி வந்த அளவைத் தாங்கவில்லை. பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. நான்கும் ஒரே இரவில் தற்செயலாகவா கைவிட்டன? உற்பத்தி படுத்து, செலவைக் குறைத்து, பராமரிப்பைக் கைவிட்ட ஆலை அது. அந்த ஒரே காரணம் தடுப்புகளை ஒவ்வொன்றாக முன்பே அரித்துவிட்டிருந்தது. செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

பெருக்கல் ஒரு தாயைச் சிறைக்கு அனுப்பியது

"சரி, இதெல்லாம் இன்ஜினியர்கள் கவலை" என்பவர்களுக்காக இன்னொரு சம்பவம். இங்கிலாந்தில் சாலி கிளார்க் என்ற பெண்ணின் இரண்டு கைக்குழந்தைகள் ஒரு வருஷ இடைவெளியில் திடீரென இறந்தன. கொலை என்று வழக்கு. 1999ல் நீதிமன்றத்தில் ராய் மெடோ என்ற பிரபல குழந்தை மருத்துவர் வந்து சொன்னார்: இப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமில்லாமல் திடீரென இறக்க 8,543ல் ஒரு வாய்ப்பு, இரண்டு குழந்தைகள் என்றால் அதை அதாலேயே பெருக்கு, 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று!

அண்ணன் தம்பிக்கு ரத்தம் ஒன்று, வீடு ஒன்று. ஒரு குழந்தை இறந்த குடும்பத்தில் அடுத்த குழந்தைக்கும் அதே குறை இருக்கலாம் என்பதை அந்தப் பெருக்கல் கண்டுகொள்ளவே இல்லை. அந்தத் தாய் சிறைக்குப் போனார். அந்தப் பெருக்கலுக்கு ஆதாரமே இல்லை என்று 2001ல் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி பகிரங்கமாக எழுதியது. 2003ல் அவர் விடுதலையானார். 2007ல் இறந்துபோனார். டாக்டருக்குப் பெருக்கத் தெரியும். பெருக்கலாமா என்று கேட்கத்தான் தெரியவில்லை.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்?

கணக்கே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பெருக்கல் விதி பொன்னான விதிதான். நாணயத்துக்கும் தாயக்கட்டைக்கும் அது அப்படியே பொருந்தும். வெளி உலகத்தில் அதைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இரண்டையும் ஒரே அடியில் சாய்க்க எதனாலாவது முடியுமா?

முடியும் என்றால் பெருக்காதே. ஒரே மழை, ஒரே வெள்ளம், ஒரே கரண்ட் லைன், ஒரே கஞ்சத்தனமான நிர்வாகம், ஒரே ரத்தம். இதில் எது இருந்தாலும் "சார்பிலா" என்ற வார்த்தையை உச்சரிக்க உரிமை இல்லை. முடியாது என்று சொல்பவர்தான் ஏன் முடியாது என்று நிரூபிக்க வேண்டும். சும்மா "எனில்" போட்டு நழுவக் கூடாது.

இதற்குப் பெரிய கல்விப் புரட்சி எதுவும் வேண்டியதில்லை. கேள்வித்தாளில் ஒரு கேள்வியை மாற்றினால் போதும். பகடை, சீட்டுக்கட்டு, சிவப்புப் பந்து, நீலப் பந்து எல்லாம் இருக்கட்டும். கூடவே இதையும் கேளுங்கள்:

"ஒரு கோடையில் பூண்டி ஏரி வறள்வது, அதே கோடையில் புழல் ஏரி வறள்வது. இவை சார்பிலா நிகழ்ச்சிகளா? காரணம் கூறுக. பூண்டி வறள்வது, மேட்டூர் வறள்வது என்று மாற்றினால் உங்கள் விடை மாறுமா?"

இதில் பெருக்கல் ஒன்றுமே கிடையாது. ஆனால் இதற்குப் பதில் எழுதத் தெரிந்த பிள்ளை நாளைக்கு சிப்காட்டில் ஷிப்ட் இன்ஜினியராகப் போனால், ஜெனரேட்டரைத் தரையில் வைக்க விடமாட்டாள். மெட்ரோ வாட்டரில் வேலைக்குப் போனால், ஆறாவது ஏரிக்குக் கையெழுத்துப் போடும் முன் "இதுக்கு எந்த மழை?" என்று கேட்பாள். வீடு வாங்கப் போனால் ஏரிக்கரையைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பாள்.